இரண்டு வருடக் கெடு

எதிரே உட்கார்ந்திருந்த கிருஷ்ணராஜ் சொல்லச் சொல்ல, பெல்மதுளை வழக்கறிஞர் நுஸ்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"லொறி ரிவர்ஸ்ல வந்து மோதி கால் ஒடைஞ்ச கேஸுங்க, லோயரம்மா. போன வாரத்தோட ரெண்டு வருசம் முடிஞ்சிருச்சு."

"நஷ்டஈட்டு வழக்குக்கு ரெண்டு வருசம்தானே கெடு? இவ்வளவு நாளா என்ன செஞ்சீங்க?"

"லொறி மொதலாளி மாசாமாசம் பால்மா, பழமெல்லாம் வாங்கிட்டு லயத்து வீட்டுக்கே வருவாருங்க. 'நமக்குள்ள கோர்ட்டு எதுக்கு, பேசித் தீர்த்துக்குவோம்'னு சொல்லுவாரு."

"தீர்த்தாரா?"

"எங்கங்க? பேச்சு மட்டும்தான்."

நுஸ்கா மேசையில் ஓங்கித் தட்டினாள். "அநியாயம்! கெடு தாண்டட்டும்னே இழுத்தடிச்சிருக்கான், அயோக்கியன். இனி அவன் மேல வழக்கே போட முடியாது."

"நிச்சயமாவாங்க?"

"நிச்சயமா."

கிருஷ்ணராஜ் அப்பாடா என்று நாற்காலியில் சாய்ந்தார். "இப்பதாங்க உசுரு வந்துச்சு. லொறி என்னோடதுதான். சரக்கு யாரோடதுன்னு தெரிஞ்சா வெல மாறுற மாதிரி, ஆளு யாருன்னு தெரிஞ்சா உங்க பதிலும் மாறிரும்ல, அதான் முதல்ல சொல்லல."

நுஸ்கா அவரை முறைத்து, "அடிபட்டது யாரு?" என்று கேட்டாள்.

"ஷாமிளான்னு ஒரு தோட்டத்துப் புள்ள. பத்தாம் ஆண்டு படிக்குது."

"அப்படியா? பதினெட்டு வயசாகாத புள்ளைக்கு அந்த ரெண்டு வருசம் இன்னும் தொடங்கவே இல்ல. பதினெட்டு முடிஞ்ச பொறகுதான் எண்ணவே ஆரம்பிப்பாங்க."

சாய்ந்தவர் விறைத்து நிமிர்ந்தார். "அப்ப என் கேஸை நீங்களே எடுத்துக்கங்கம்மா. எவ்வளவு கேட்டாலும் தர்றேன்."

நுஸ்கா எழுந்து போய்க் கதவை அகலத் திறந்துவிட்டாள்.

"வேற லோயரப் பாருங்க, மொதலாளி. நல்லவராப் பாருங்க, கட்டாயம் தேவைப்படும்."