தரையோடு தரையாக

“இன்னும் ஒரு நூல் இறக்கினாப் போதும். தரையில ஒட்டிக்கிட்டுப் பறக்கும் பாருங்க!”

ரிமோட் காரைக் கவிழ்த்துப் போட்டு, சஸ்பென்ஷன் ஸ்பிரிங்கைத் திருகினார் வீட்டுக்காரர். எதிர்வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த பேங்க்காரர், தன் ரிமோட் காரோடு பந்தயத்துக்குக் காத்திருந்தார்.

தெருவில் விட்டதும் வீட்டுக்காரரின் கார் சீறியது. பத்தடி போவதற்குள் ஒரு மேட்டில் அடிவயிறு தட்டி, குட்டிக்கரணம் போட்டு மல்லாந்தது. பேங்க்காரரின் கார் குலுங்கிக் குலுங்கிப் போய் ஜெயித்துவிட்டது.

“ரொம்ப இறக்கிட்டீங்களோ சார்?”

கவிழ்ந்தது கார்தான், வீட்டுக்காரரின் மீசையில் மண் ஒட்டவில்லை.

“வண்டியில என்னங்க குத்தம்? இதெல்லாம் ஒரு ரோடா? எவனோ பாதித் தாரை முழுங்கி ஏப்பம் விட்டிருக்கான்!”

“அப்படியா? விடக்கூடாது சார். ரோடு போட்ட காண்ட்ராக்டர் நம்பர் அந்தப் போர்டுலயே இருக்கே!”

தெருமுனைப் பலகையைப் பார்த்து எண்ணை அழுத்தினார் பேங்க்காரர்.

வீட்டுக்காரரின் சட்டைப்பையில் செல்போன் அலறியது.

வாசலில் நின்ற அவர் மனைவி சிரிக்கவே இல்லை.

“எடுத்துப் பேசுங்க. புகார் பண்றவங்க எல்லாருக்கும் சொல்றதையே இவருக்கும் சொல்லுங்க. ரோட்டுல ஒரு குத்தமும் இல்ல, கோளாறு உங்க வண்டியிலதான்னு!”