கீழ்வீட்டுச் சத்தம்

"ஆரம்பிச்சிட்டாங்க பாரு!"

தலை நிறைய சோப்பு நுரையோடு குளியலறைக் கதவைத் திறந்து கத்தினான் அவன்.

கீழ்வீட்டிலிருந்து 'கர்ர்ர்... டமார்!' என்று ஒரு சத்தம். மேலே யாராவது குளிக்கப் போனால் போதும், கீழே குடியிருக்கும் தையல் அக்கா எதையோ இழுத்துப் போட்டுவிடுவார்.

"நாம குளிச்சா அவங்களுக்கு என்னவாம்?"

"சும்மா இருங்க. ஏதாவது வேலை பாத்துட்டிருப்பாங்க" என்றாள் மனைவி அடுப்படியிலிருந்து.

"கரெக்டா நான் குளிக்கிற நேரத்துலயா? எல்லாம் வயித்தெரிச்சல். லோன் போட்டு வீடு வாங்கினோம், பாத்ரூமை உடைச்சுப் புதுசா டைல்ஸ் போட்டோம். பொறுக்கல."

வயிறெரியும் அளவுக்கு அந்தக் குளியலறையில் ஒன்றுமில்லை. டைல்ஸ் போட்ட மேஸ்திரி தரையின் வாட்டத்தைத் தலைகீழாக வைத்துவிட்டார். ஊற்றுகிற தண்ணீர் போக வேண்டிய துளைக்குப் போகாமல், எதிர்ப்பக்கம் கதவோர மூலைக்கு ஓடிக் குளமாக நிற்கும். கூலியை முழுசாக வாங்கிக்கொண்ட மேஸ்திரி அதன்பிறகு போனையே எடுக்கவில்லை.

மறுபடி உடைத்துப் போடலாம் என்றால், வீட்டுக்கடன் தவணைக்கே மூச்சு முட்டியது. மாதக் கடைசி வந்தால் புருஷன் பெண்டாட்டிக்குள் சண்டை நிச்சயம். ஒவ்வொரு குளியலுக்கும் வைப்பரால் தண்ணீரைத் தள்ளித் தள்ளி மனைவிக்கு இடுப்பு ஒடிந்ததுதான் மிச்சம்.

ஆனால் கொஞ்ச நாளாக ஓர் அதிசயம். மூலையில் தண்ணீர் நிற்பதில்லை. தானாகவே வடிந்துவிடுகிறது.

"நான் சொன்னேன்ல, போகப் போக செட் ஆயிடும்னு!" என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டான் அவன். பைசா செலவில்லாமல் வீடு தானே திருந்திக்கொண்டதில் அவனுக்கு அவ்வளவு பெருமை. வைப்பருக்கு ஓய்வு கிடைத்த சந்தோஷத்தில் மனைவியும் அதற்கு மேல் ஆராயவில்லை.

அந்த நிம்மதியைக் கெடுக்க வந்ததுதான் இந்த டமார்.

"தலைக்கனம் வேற" என்றான் துண்டால் தலையைத் துவட்டியபடி. "தலையணை உறை தைக்கக் குடுக்கப் போனியே, உள்ள கூப்பிட்டாங்களா?"

"இல்ல. பாதிக் கதவைத் தொறந்து, வாசல்லயே வாங்கிக்கிட்டாங்க."

"முன்னாடி உக்கார வச்சு மணிக்கணக்கா பேசுவாங்க. இப்ப நாம வீட்டைப் புதுப்பிச்சிட்டோம்ல, அதான்."

மறுநாளிலிருந்து அவன் தன் பங்குக்குப் பதிலடி கொடுத்தான். கீழே டமார் என்றதும் வழக்கத்தைவிட இரண்டு வாளி கூடுதலாக ஊற்றிக் குளித்தான். "நல்லா கேக்கட்டும்!" என்று இன்னொரு வாளியைத் தரையில் கவிழ்த்தான்.

கீழேயும் சத்தம் கூடியது. ஒரு டமார் இரண்டு டமார் ஆனது.

"சண்டைக்கே வர்றாங்க. இன்னிக்கு ரெண்டுல ஒண்ணு பாத்துடறேன்."

அன்று விடுமுறை. மனைவி குளிக்கப் போனாள். டமார் கேட்டதும் அவன் தடதடவென்று படியிறங்கிப் போய்க் கதவைத் தட்டினான்.

பாதிக் கதவு திறந்தது. கழுத்தில் அளவு டேப்போடு தையல் அக்கா.

"என்ன தம்பி? கொஞ்சம் வேலையா இருக்கேன். அப்புறம் வர்றீங்களா?"

"அப்புறம் என்ன அப்புறம்? நாங்க குளிக்கிறப்பெல்லாம் நீங்க..."

"என்னங்க! துண்டை மறந்துட்டேன், எடுத்துக் குடுங்க!"

அவன் மனைவியின் குரல்தான். ஆனால் வந்தது மாடியிலிருந்து அல்ல, தையல் அக்காவின் வீட்டுக்குள்ளிருந்து!

அவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அக்கா தடுப்பதற்குள் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனான்.

படுக்கையறையின் மேல்மூலையில் பூச்சு மொத்தமும் பெயர்ந்திருந்தது. எப்போதோ குழாய் போன பழைய துளை ஒன்று, மேஸ்திரி அடைத்த சிமெண்ட் கரைந்து, வாயைப் பிளந்திருந்தது. அதன் வழியே சோப்புத் தண்ணீர் ஒழுகிக் கீழே ஒரு தகரத் தொட்டியில் விழுந்துகொண்டிருந்தது. பக்கத்தில் இன்னொரு தொட்டி, புத்தம்புதிது. கட்டிலைக் கழற்றிச் சுவரில் சாய்த்திருந்தார்கள். தையல் மெஷின், துணி மூட்டை, பாய், தலையணை எல்லாம் சமையலறைக்குள் நெருக்கியடித்துக் கிடந்தன.

"அக்கா... இது எப்பலேர்ந்து?"

"அத விடுங்க. மேல வாளிச் சத்தம் கேட்டதும் தொட்டியை இழுத்துப் போட்டுடுவேன். பழகிப்போச்சு. இப்பல்லாம் ஒண்ணு பத்தல, அதான் இன்னொண்ணு வாங்கினேன்."

அவனுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

"எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா பாத்ரூமை மறுபடி உடைக்கணும். தவணைக்கு வழியில்லாம நீங்க ரெண்டு பேரும் சண்டை போட்டுக்கிறது எனக்குத் தெரியுமே. உங்க கையில கொஞ்சம் காசு சேரட்டும், அப்புறம் சொல்லிக்கலாம்னு இருந்தேன். யாராவது பாத்தா உங்க காதுக்கு வந்துடும்னுதான் ஒருத்தரையும் உள்ள விடல."

"என்னங்க! காது கேக்கலையா?" மேலிருந்து மனைவி மறுபடி கூப்பிட்டாள். பக்கத்தில் நின்று பேசுவதுபோல் அவ்வளவு தெளிவாகக் கேட்டது.

அவன் மெல்ல அண்ணாந்து அந்தத் துளையைப் பார்த்தான்.

"அக்கா... அப்போ, உங்களைப் பத்தி நான் பேசினதும்..."

தையல் அக்கா குனிந்து, நிரம்பிய தொட்டியை நகர்த்திவிட்டுப் புதுத் தொட்டியை அந்த இடத்துக்கு இழுத்தார். கர்ர்ர்... டமார்!

"பாத்தீங்களா, எவ்வளவு சத்தம்! இதுல எனக்கு வேற எதுவுமே காதுல விழாது தம்பி."