நெறஞ்சிருக்கு

சுண்ணாம்பு வட்டத்துக்குள் நின்றார்.

முன்னால் நான்கு வட்டங்கள். பின்னால் எத்தனை என்று திரும்பிப் பார்க்கவில்லை. கொரோனா ஊரடங்கில் மளிகைக் கடை பத்து மணி வரைதான்.

நேற்றும் இதே வரிசையில் நின்றவர்தான். பருப்பு, சோப்பு, எண்ணெய், தீப்பெட்டி எல்லாம் வாங்கிப் போனார். அரிசி மட்டும் வாங்கவில்லை.

மனைவி தனபாக்கியம் ஆஸ்பத்திரிப் படுக்கையிலிருந்து ஃபோனில் சொன்ன பட்டியல் அது. மூச்சு வாங்கி வாங்கிச் சொன்னாள்.

"பருப்பு ஒரு கிலோ. சோப்பு ரெண்டு. அரிசி நெறஞ்சிருக்கு."

இன்று காலை அரிசி டின்னைத் திறந்தார். அடியில் அரிசி அளக்கும் ஆழாக்கு மட்டும் கிடந்தது. ஒரு கைப்பிடி அரிசி கூட இல்லை.

காய்ச்சலில் உளறியிருக்கிறாள் என்று நினைத்தார். கொஞ்சம் கோபம் வந்தது. நோயாளி மேல் கோபப்பட்டதற்கு வெட்கமாகவும் இருந்தது.

அவளைக் கூப்பிட்டுக் கேட்கலாம் என்று ஃபோன் போட்டார். எடுத்தாள். பேசவில்லை. மூச்சு மட்டும் கேட்டது. தூக்கக் கலக்கம் போலிருக்கிறது என்று வைத்துவிட்டார்.

இருபத்தாறு வருடம் லாரி ஓட்டியவர். நாக்பூர் போகும் வழியில் எந்தக் கடையில் ரொட்டி நன்றாக இருக்கும் என்று கேட்டால் தூக்கத்திலும் சொல்வார். சொந்த வீட்டில் உப்பு எந்த டப்பாவில் இருக்கிறது என்று கேட்டால் திருதிருவென்று விழிப்பார். மாதத்தில் ஏழெட்டு நாள் வீட்டில் இருப்பார். அந்த நாட்களில் தட்டில் சோறு இருக்கும். அது எப்படித் தட்டுக்கு வந்தது என்று கேட்டதில்லை.

வரிசை நகர்ந்தது.

அவருக்கு முன்னால் நின்ற பெண் துவரம்பருப்பு கேட்டாள்.

"நெறஞ்சிருச்சும்மா. நாளைக்கு வாங்க," என்றார் கடைக்கார அண்ணாச்சி.

அவள் தலையாட்டினாள். பையை மடித்து அக்குளில் இடுக்கிக்கொண்டு போய்விட்டாள்.

இவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. நேற்று பருப்பு மூட்டை நின்ற இடத்தில் வெறும் தரைதான் இருந்தது.

"நெறஞ்சிருச்சுன்னா அந்தம்மா ஏன் வெறுங்கையோட போகுது, அண்ணாச்சி?"

அண்ணாச்சி மாஸ்க்குக்குள் சிரித்தார்.

"நல்லா கேட்டீங்க போங்க. கடைவாசல்ல நின்னு இல்லன்னு சொல்லலாமா? தீந்து போச்சுன்னா நெறஞ்சிருச்சுன்னுதான் சொல்லுவோம். உங்க வீட்டம்மாவும் அப்படித்தான. அரிசி நெறஞ்சிருக்கு அண்ணாச்சி, ஒரு சிப்பம் போடுங்கன்னு வந்து நிப்பாங்க. இத்தன வருசத்துல அவங்க வாயில இல்லங்கிற வார்த்தைய நான் கேட்டதே இல்ல."

இவருடைய அம்மாவும் அப்படித்தான் சொல்லியிருப்பாள். இவர் காதில் விழுந்ததில்லை.

"அரிசிதான? ஆளுக்கு அஞ்சு கிலோதான் இன்னிக்கு."



நேற்று பட்டியல் முடிந்த பிறகு மனைவியிடம் இன்னொன்றும் கேட்டிருந்தார்.

"அங்க ஆக்சிஜன் எல்லாம் இருக்குல்ல?"

"நெறஞ்சிருக்கு. நீங்க நேரத்துக்குச் சாப்பிடுங்க."

அந்த ஒரு சொல்லை நம்பித்தான் ஐந்து நாளுக்குப் பிறகு நேற்று கண்ணயர்ந்தார்.

தூங்குவதற்கு முன் தனபாக்கியத்தின் தங்கை கனகா கரூரிலிருந்து கூப்பிட்டாள். நாயாய் அலைந்து ஒரு ஆக்சிஜன் சிலிண்டர் பிடித்திருந்தாள். அக்காவுக்குக் கொண்டு வரட்டுமா என்று கேட்டாள்.

"வேணாம் கனகா. அங்க நெறைய இருக்காம். இல்லாதவங்க யாருக்காவது குடு," என்றார். பெரிய மனது பண்ணிச் சொன்னார்.

அக்காவின் சொல்லை அப்படியே சொல்லியிருந்தால் தங்கைக்குப் புரிந்திருக்கும். ஒரே அடுப்படியில் வளர்ந்தவர்கள். இவர்தான் தன் சொல்லில் மாற்றிச் சொன்னார். இரண்டும் ஒன்றுதான் என்று நினைத்துவிட்டார், பாவி மனுஷன்.

கனகாவைக் கூப்பிட்டார்.

"அந்தச் சிலிண்டர் இருக்கா?"

மறுமுனையில் யார் வீட்டிலோ குக்கர் விசில் அடித்து ஓய்ந்தது.

"நெறஞ்சிருச்சு அத்தான்," என்றாள் கனகா.

ஃபோனைச் சட்டைப் பையில் போட்டார்.

அண்ணாச்சி அரிசியை எடை போட்டு நீட்டினார். அவர் வாங்கவில்லை. வட்டத்தை விட்டு வெளியே வந்து, வரிசையில் நின்றவர்கள் பக்கம் திரும்பினார்.

காலை வியாபார நேரம். அந்த வாசலில் யாரும் வாயில் எடுக்காத சொல் அது. அவர் மாஸ்க்கை இறக்கிக்கொண்டு, தொண்டை கிழியச் சொன்னார்.

"என் வீட்டுக்காரிக்கு ஆக்சிஜன் இல்ல. இல்லங்க. யார்கிட்டயாவது இருக்கா?"

அண்ணாச்சி தடுக்கவில்லை. அரிசிப் பையைக் கையில் பிடித்தபடியே நின்றார்.

வரிசையில் பதினோரு பேர் இருந்தார்கள். முதலில் யாரும் அசையவில்லை.

பிறகு, அவரவர் வட்டத்துக்குள் நின்றபடியே, ஒவ்வொருவராக ஃபோனை எடுத்தார்கள்.