எந்த ஊர்ல இருக்கு அந்த மெஷின்?

மருமகள் அபிதாவுக்கு வைத்த காப்பி ஆடை கட்டிக் கிடந்தது. மூக்காண்டிக்குப் பொறுக்கவில்லை.

“சாப்பிடக்கூட எந்திரிக்காம அதுல என்ன மக்கா பாக்க?”

“ஆபீஸ் மெஷின் ஒண்ணு முழிக்க மாட்டேங்குது மாமா. அதோட நகல இந்த லேப்டாப்புக்குள்ள விர்ச்சுவல் மெஷினா ஓட்டிப் பாக்கேன். மெஷின எழுப்புத ஃபர்ம்வேர்ல பழசும் புதுசும் ஒரே இடத்துல ஏறப் பாத்து, மோதி நின்னுருது.”

“நகல எதுக்கு நோண்டுத? நேர்ல போயி பிளக்கப் பிடுங்கி மாட்டு. எந்த ஊருன்னு சொல்லு, சிவகிரியோ சென்னையோ, நானும் கூட வாரேன்.”

“அங்கன யாரும் போக முடியாது மாமா. தப்பா ஒண்ண அனுப்பிட்டா அம்புட்டுதான், பெறவு எழுப்பவே முடியாது.”

‘அப்படி என்ன பொல்லாத காவலு’ என்று முணுமுணுத்தபடி அவர் நகர்ந்தார்.

பொழுது மங்கும்போது, பழைய ஃபர்ம்வேர் ஏறாதபடி அபிதா தடுத்தாள். நகல் முழித்துக்கொண்டது. அதே திருத்தத்தை நிஜ மெஷினுக்கு அனுப்பிவிட்டு, மூச்சைப் பிடித்துக் காத்திருந்தாள். திரையில் ஒரு பச்சை வரி வந்தது.

“முழிச்சிருச்சு! மாடிக்கு வாங்க மாமா, மெஷினக் காட்டுதேன்.”

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மூக்காண்டி படியேறினார். மாடியில் தண்ணீர்த் தொட்டிதான் இருந்தது. அபிதா கை நீட்டிய திசையில், கோயில் கோபுரத்துக்கு மேலே, ஒரு வெள்ளிப் புள்ளி சத்தமில்லாமல் நகர்ந்துகொண்டிருந்தது.

“அதுவா?”

“அதேதான் மாமா. மழை மேகத்தப் படம் பிடிக்கிற சேட்டிலைட்.”

இளையரசனேந்தல் பக்கம் அது மறையும்வரை மூக்காண்டி அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஊர்ப் பெரியவர் எதிரே வந்தால் செய்வதுபோல, மடித்துக் கட்டிய வேட்டியை அவர் கை தானாக இறக்கிவிட்டிருந்தது.