டஃபி பார்த்த திசை

யார்க்‌ஷயர் வேட்டைகளைப் படம் எடுப்பது என் தொழில். காலடியில் காட்டுக்கோழிகளைக் குவித்துவைத்துக்கொண்டு, என் கேமராவில் படங்களைப் பார்த்துக் கொதித்தார் சர் ஜெரால்டு.

"நான் சுடுற ஒவ்வொரு படத்துலயும் என் நாய் அந்தப் பக்கம் நின்னு சுட்ட ஹியூகோவையே பாத்துட்டு இருக்கு! உனக்குப் படம் எடுக்கத் தெரியுமாய்யா?"

"நாய் பாக்குற பக்கத்தை நான் எப்படி சர் மாத்த முடியும்?"

"துரோகி! டஃபியை நாளைக்கே வித்துடறேன்."

அவர் மனைவி இசோபெல் தேநீரை உறிஞ்சியபடி படங்களைப் பார்த்தாள்.

"கோழி விழற பக்கம்தானே ஜெரால்டு வேட்டை நாய் பாக்கும்?"

"அதனால?"

"ஹியூகோ சுட்டதையெல்லாம் கவ்விட்டு வந்து உன் காலடியில போட்டிருக்கு. இதைவிட விசுவாசம் வேற என்ன வேணும் உனக்கு?"