புரிஞ்சுதா அண்ணி?

"புரிஞ்சுதா அண்ணி?"

ஆரோக்கியசெல்வி தலையாட்டினாள். நெத்திலி ஆய்கிற கை நிற்கவில்லை. நிமிர்ந்து பார்த்தால் அடுத்த கேள்வி வந்துவிடும்.

நாத்தனார் ரோஸ்லின் காலேஜில் மூன்றாவது வருஷம் கம்ப்யூட்டர் படிக்கிறாள். இந்தத் தடவை ஒரே பேப்பரில் நாலு புரோகிராம் மொழியாம். சி, ஜாவா, ஹாஸ்கல், புரோலாக். ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு மாதிரி யோசிக்கணுமாம். சாயங்காலம் மதகடிப்பட்டு பஸ்ஸை விட்டு இறங்கினதும், நேராகச் சமையல்கட்டில் வந்து உட்கார்ந்து, எட்டாவதோடு நின்றுபோன அண்ணியிடம் எல்லாவற்றையும் ஒப்பிப்பாள்.

ஒரு வெங்காயம் உரித்துக் கொடுக்க மாட்டாள்.

"சி-ல இப்டி செய், அப்டி செய்னு ஒவ்வொண்ணா சொல்லணும் அண்ணி. புரோலாக்ல அது வேணாம். தெரிஞ்ச விவரத்த எழுதி வச்சிட்டு, இன்னா வேணும்னு கேட்டா போதும். எப்டின்னு அதுவே பாத்துக்கும். புரிஞ்சுதா?"

'உங்கண்ணன் சோறு கேக்கற மாதிரின்னு சொல்லு' என்று செல்விக்கு வாய் வரைக்கும் வந்தது. தப்பாயிருந்தால் சிரிப்பாளே! விழுங்கிக்கொண்டு தலையாட்டினாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவள் பிள்ளையும் சேர்ந்து ஆட்டியது.

குழாயடியில் பக்கத்து வீட்டுக் கஸ்தூரி பிடித்துக்கொண்டாள்.

"இன்னாடி, நாத்தனாரு பாடம் நடத்துதாமே? உனக்கு எப்ப டிகிரி?"

"நீ வேறக்கா."

"அது பாடம் இல்லடி. நீ படிக்காதவன்னு தெனம் குத்திக் காட்டுது. நீயும் மாடு கணக்கா தலைய ஆட்டிக்கினு கெட."

செல்விக்கும் அப்படித்தான் பட்டது. அன்றிலிருந்து இன்னும் வேகமாகத் தலையாட்டினாள். இவளிடம் போய்ப் புரியவில்லை என்று ஒத்துக்கொள்வதா?

ரிசல்ட் வந்த அன்று ரோஸ்லின் சாப்பிடவில்லை. அந்தப் பேப்பர் போய்விட்டது.

செல்வி தட்டோடு போய் நின்றாள். உள்ளுக்குள் கொஞ்சம் குளுகுளுவென்றுகூட இருந்தது. மாதா மன்னிக்கட்டும்.

"எல்லாம் என் தப்புதான் அண்ணி" என்றாள் ரோஸ்லின். "கிளாஸ்ல சந்தேகம் கேட்டா சிரிப்பாங்கன்னு வாயே தொறக்க மாட்டேன். உங்ககிட்டதான் வெக்கமில்லாம சொல்லிப் பாத்தேன். நீங்க எங்க முழிக்கிறீங்களோ, அங்க எனக்கும் புரியலன்னு அர்த்தம், திரும்பப் படிக்கலாம்னு இருந்தேன்."

கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"நீங்க எங்கியுமே முழிக்கல."

செல்வி தட்டைக் கீழே வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எ... எந்தக் கேள்வில போச்சு?"

"புரோலாக். அதுக்கும் சி மாதிரியே ஒவ்வொண்ணா எழுதி வச்சிட்டேன்."

"அப்ப, உங்கண்ணன் சோறு கேக்கற மாதிரி எழுத வேண்டியத, நான் சோறு ஆக்கற மாதிரி எழுதிட்டியா?"

ரோஸ்லின் அப்படியே பார்த்தாள். பிறகு அழுகையோடு சிரித்தாள்.

"இத அப்பவே சொல்லக் கூடாதா அண்ணி!"

"இது ஒண்ணுதான் புரிஞ்சுது. மத்ததெல்லாம் ஒரு எழுத்துகூடப் புரியல."

"இனிமே புரியலன்னா வாயத் தொறந்து சொல்லணும். சொல்வீங்களா?"

செல்வி வேகமாகத் தலையாட்டினாள்.