கல் ஆய்வுக்கூடத்தில் ஒரு திருட்டு

மாணிக்கக் கற்கள் காணாமல் போய் நூற்று முப்பத்தேழு மணி நேரம் ஆகியிருந்தது. அதில் ஒரு மணி நேரம்கூட உதவியாளர் நிம்மதியாகத் தூங்கவில்லை.

கருவிகளைச் சரிபார்ப்பதற்காக ஆய்வுக்கூடத்தில் வைத்திருந்த ஐந்து கற்கள் அவை. பெட்டிக்கு இரண்டு சாவிகள். ஒன்று அவளிடம், மற்றது தலைமை ஆய்வாளரிடம். முப்பது வருட சர்வீஸ்காரரை யார் சந்தேகப்படப் போகிறார்கள்? நாளை உரிமையாளர் வந்து பெட்டியைத் திறப்பார். திறந்த கையோடு அவளை வேலையை விட்டு அனுப்பிவிடுவார்.

போலீசுக்குப் போகலாம் என்று முதல் நாளே அவள் சொன்னாள். தலைமை ஆய்வாளர் கேட்கவில்லை.

"எதுக்கும்மா? எடுத்தவன் வித்தாகணும். விக்கணும்னா சர்ட்டிஃபிகேட் வேணும். இந்த ஊர்ல அதைத் தர்றது நாம மட்டும்தான். எலி தானா பொறிக்கு வரும், பாரு."

இன்று காலை அவர் வந்து தோள்பையை இறக்கி வைத்தார். "ஏம்மா, ஒரு விஷயம்..." என்று ஆரம்பிப்பதற்குள் கதவு திறந்தது.

கறுப்புக் கண்ணாடி போட்ட ஒருவர். உள்ளே வந்ததும் தெருவை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினார். மேஜையில் ஒரு கைக்குட்டையை வைத்து முடிச்சை அவிழ்த்தார். சிவப்புக் கற்கள்!

எலி பொறிக்கு வந்தேவிட்டது என்று உதவியாளர் நிமிர்ந்தாள்.

"அசலான்னு பாக்கணும். விஷயம் வெளிய போகக் கூடாது."

"எங்க கெடைச்சுது?" என்றார் தலைமை ஆய்வாளர்.

"செத்துப்போன அப்பாவோட பெட்டியில. தம்பிக்கு இன்னும் தெரியாது. தெரியவும் வேண்டாம்."

கூசாமல் கதை கட்டுகிறானே, செத்துப்போன அப்பாவை வேறு சாட்சிக்கு இழுக்கிறான் என்று அவள் பல்லைக் கடித்தாள். ஒளிவிலகலை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரில் ஒரு சொட்டு திரவம் விட்டு, ஒரு கல்லைக் கவிழ்த்து வைத்துப் பார்த்தாள். ஒன்று புள்ளி ஏழு ஏழு. மாணிக்கத்தின் அளவேதான். தலைமை ஆய்வாளருக்குக் கண் ஜாடை காட்டினாள். அவர் லேசாகத் தலையசைத்தார்.

பிறகு கற்களை ஒவ்வொன்றாக மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்த்தார். உச்சுக்கொட்டினார்.

"செயற்கைக் கல் சார். உலையில உருக்கிச் செஞ்சது. அந்தக் கருவியில மாணிக்கம் மாதிரியேதான் காட்டும். உள்ள பாத்தா வளைவு வளைவா கோடு, பல்லை இளிக்குது."

"எல்லாமேவா?"

"ஒண்ணு விடாம. மீன் தொட்டியில போடுங்க, மீனுக்குப் பிடிக்கும்."

வந்தவரின் முகம் சுண்டிப்போனது. "இந்தக் கருமத்துக்கா கூடப் பொறந்தவன் முகத்துல முழிக்காம ஒளிஞ்சு திரிஞ்சேன்!" கைக்குட்டையைக் குப்பைத் தொட்டியில் உதறினார். கதவு படாரென்று சாத்திக்கொண்டது.

அடுத்த நொடி அவள் குப்பைத் தொட்டியின் முன் மண்டியிட்டிருந்தாள்.

"பெரிய கில்லாடி சார் நீங்க! அடி இல்ல, அதட்டல் இல்ல, திருடன் கையாலேயே கொட்ட வெச்சுட்டீங்களே! என் வேலை பொழைச்சுது."

பென்சில் சீவல்களை ஊதிவிட்டுக் கற்களை எண்ணினாள். மறுபடியும் எண்ணினாள். ஆறு.

"சார், நம்மளது அஞ்சுதானே?"

"அஞ்சுதான்."

"அப்ப இது? செயற்கையா?"

"சேச்சே. ஆறும் அசல், முதல் தரம்." தலைமை ஆய்வாளர் தோள்பைக்குள் கைவிட்டுத் துழாவி, ஒரு சின்ன டப்பாவை எடுத்து அவள் முன்னால் வைத்தார்.

"நம்ம கல்லை யாரும் திருடவே இல்லம்மா. போன வாரம் காலேஜ்ல பாடம் எடுக்கக் கொண்டு போனது, என் பை அடியிலேயே கிடந்திருக்கு."